வெளிநாட்டு ஊழியப் பயணமும் அங்கே கிடைக்கும் குடும்பமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறுகிய கால ஊழியப் பயணமாக வெளிநாடு செல்லும் குழுக்களைப் பல ஆண்டுகளாக ஆயத்தப்படுத்தி வருகிறேன். புறப்படுவதற்கு முன் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் தடுப்பூசியையும் பெட்டியின் எடையையும் சாட்சி சொல்லும் நேரத்தையும் பற்றியவை. திரும்பி வந்தபின் கேட்கப்படும் கேள்விகளோ வேறு வகையானவை. அங்கே ஒருவர் தன்னை மகளே என்று அழைத்ததை என்ன செய்வது என்று தெரியாமல் திகைத்து நின்றவர்கள் பலர் என்னிடம் வந்து பேசியிருக்கிறார்கள். அப்படித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

முன்பின் தெரியாத ஊரில் பத்தே நாளில் ஒரு குடும்பம் கிடைத்தது என்பது மிகைப்படுத்திச் சொல்வது இல்லையா?

அப்போஸ்தலர் நடபடிகள் 21-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். பவுலும் உடன் சென்றவர்களும் சரக்கு இறக்க வேண்டிய ஒரு கப்பலில் தீரு பட்டணத்துக்கு வருகிறார்கள். அங்கே சீஷர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிக் கண்டுபிடித்து, அவர்களோடு ஏழு நாள் தங்குகிறார்கள். புறப்படும் நாளில் அந்தச் சபையார் மனைவிகளோடும் பிள்ளைகளோடும் பட்டணத்துக்கு வெளியே வரை வந்து, கடற்கரையில் முழங்கால்படியிட்டு ஜெபித்து வழியனுப்புகிறார்கள். ஏழே நாள் பழக்கம்தான். ஆனாலும் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கரை வரை வந்தார்கள்.

இதில் "கண்டுபிடித்து" என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்தக் குடும்பம் பவுல் வந்த பிறகு உருவானதன்று. அவர் வருவதற்கு முன்பே அங்கே இருந்தது, அவர் போய்க் கண்டுகொண்டார். பத்து நாளில் நீங்கள் ஒரு குடும்பத்தை உண்டாக்கிவிட்டீர்கள் என்றால் அது மிகைதான். ஏற்கெனவே உங்களுக்கு இருந்த உறவை முதன்முறையாக நேரில் பார்த்தீர்கள் என்றால் அதில் மிகை எதுவும் இல்லை.

"சகோதரர், சகோதரி" என்பது சபையில் பழகிப்போன மரியாதைச் சொல்தானே? அதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும்?

தினமும் சொல்லிச் சொல்லி நம் வாயில் அது தேய்ந்துபோயிருக்கலாம். வேதத்தில் அது தேய்ந்த சொல் அல்ல. தம் தாயும் சகோதரரும் வெளியே நிற்கிறார்கள் என்று சொல்லப்பட்டபோது, இயேசு தம்மைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, தேவனுடைய சித்தத்தைச் செய்கிறவர்களே தமக்குத் தாயும் சகோதரரும் என்றார் (மாற்கு 3). அதே சுவிசேஷத்தின் 10-ஆம் அதிகாரத்தில், தம் நிமித்தம் வீட்டையும் உறவையும் விட்டவர்கள் இம்மையிலேயே நூறத்தனையாக வீடுகளையும் சகோதரரையும் தாய்களையும் பிள்ளைகளையும் அடைவார்கள் என்கிறார். துன்பங்களும் கூட வரும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறார். விட்டுவருகிறவற்றின் பட்டியலில் தகப்பன் இருக்கிறார், பெற்றுக்கொள்கிறவற்றின் பட்டியலில் தகப்பன் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நமக்குப் பிதா ஒருவரே என்பதால் இருக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது.

பவுல் இதை வாழ்ந்தும் காட்டினார். ரோமர் 16-இல் ரூபுவுக்கு வாழ்த்துச் சொல்லும்போது, அவனுக்கும் எனக்கும் தாயானவள் என்று அவன் தாயையும் சேர்த்து வாழ்த்துகிறார். அந்தப் பெண்மணி பவுலுக்கு என்ன செய்தார் என்று எங்கும் எழுதப்படவில்லை. எங்கோ ஓர் ஊரில் ஒரு தாய் அவரைத் தன் பிள்ளையாக நடத்தியிருக்கிறார், அவர் அதை மறக்கவில்லை என்பது மட்டும் நமக்குத் தெரிகிறது.

மொழியே தெரியாத இடத்தில் விசுவாசத்தை எப்படிப் பகிர்ந்துகொள்வது?

உங்களிடம் ஏற்கெனவே சில சொற்கள் இருக்கின்றன. "ஆமென்", "அல்லேலூயா" என்ற எபிரெயச் சொற்கள் ஏறத்தாழ எல்லா மொழிச் சபைகளிலும் சிறு உச்சரிப்பு மாற்றத்தோடு ஒலிக்கின்றன. "மாரநாதா" என்ற அரமேயச் சொல்லைப் பவுல் கிரேக்க மொழிக் கடிதத்தில் மொழிபெயர்க்காமலேயே எழுதினார். கர்த்தருடைய ஜெபத்தை அவர்கள் தங்கள் மொழியிலும் நீங்கள் உங்கள் மொழியிலும் ஒரே நேரத்தில் சொல்லுங்கள். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும், எந்த இடத்தில் எந்த விண்ணப்பம் வருகிறது என்பது இரு தரப்பாருக்கும் தெரியும். நான் முதன்முறை அப்படி ஜெபித்தபோது, "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்ற இடத்தில் பக்கத்தில் நின்ற முதியவரின் குரல் தழுதழுத்தது. அவர் மொழியில் எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் அவர் எந்த வரியில் நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

மொழிபெயர்ப்பாளர் இருந்தால் சிறிய வாக்கியங்களாகப் பேசுங்கள். கண் மட்டும் மொழிபெயர்ப்பாளரிடம் போகாமல், நீங்கள் பேச வந்தவரிடமே இருக்கட்டும். போகும் முன் நன்றி, மன்னியுங்கள், உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்ற மூன்றையாவது அவர்கள் மொழியில் கற்றுக்கொள்ளுங்கள். மன்னிப்பைத்தான் அதிகம் பயன்படுத்துவீர்கள்.

நாங்கள் கொடுக்கத்தானே போகிறோம்? அவர்களிடமிருந்து பெற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியோடு போகிறவர்களுக்குக் குடும்பம் கிடைப்பது அரிது, பயனாளிகள்தான் கிடைப்பார்கள். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் தொடக்கத்தில், ஆவிக்குரிய வரத்தை உங்களுக்குக் கொடுக்க வருகிறேன் என்று சொன்ன பவுல், அடுத்த வசனத்திலேயே, உங்கள் விசுவாசத்தாலும் என் விசுவாசத்தாலும் நாம் இருவருமே ஆறுதலடையும்படி வருகிறேன் என்று விளக்குகிறார். அப்போஸ்தலருக்கே பெற்றுக்கொள்ள ஏதோ இருந்தது.

1910-ஆம் ஆண்டு எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் இந்தியத் திருச்சபை ஊழியரான வி. எஸ். அசரியா பேசியதை ஊழியத்துக்குப் போகிற ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். மிஷனரிகளின் தியாகத்தை அவர் குறைத்துப் பேசவில்லை. ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரங்களையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள் என்று 1 கொரிந்தியர் 13-இன் சொற்களாலேயே ஒப்புக்கொண்டார். அதன்பின், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். அந்த அரங்கில் பலருக்கு அது சங்கடமாக இருந்தது. நூறாண்டுக்கு மேல் ஆகியும் அந்த விண்ணப்பம் பழையதாகிவிடவில்லை. அன்று கேட்கிற இடத்தில் இருந்த நாடுகளின் சபைகள் இன்று ஊழியர்களை அனுப்புகிற இடத்துக்கு வந்துவிட்டதால், அதே விண்ணப்பம் இப்போது நம்மை நோக்கியும் வருகிறது.

அவர்கள் வீட்டில் தங்கும்போது தங்கள் சக்திக்கு மீறி எங்களுக்காகச் செலவழிக்கிறார்கள். மறுப்பதா, ஏற்பதா?

ஏற்றுக்கொள்ளுங்கள். பிலிப்பியில் லீதியாள் தன் வீட்டில் வந்து தங்கும்படி பவுலையும் மற்றவர்களையும் வருந்திக் கேட்டு இணங்கச் செய்தாள்; என்னை விசுவாசி என்று எண்ணினால் வாருங்கள் என்பது அவள் வாதம். உபசரிப்பை மறுப்பது அவர்களுடைய விசுவாசத்தையே மறுப்பது போல ஆகிவிடக்கூடும் என்பதை அந்த ஒரு வாக்கியம் காட்டுகிறது.

அதற்காக அவர்களைக் கடனில் தள்ளிவிட்டும் வரக்கூடாது. குழுத் தலைவர் உள்ளூர் சபைப் பொறுப்பாளர்களோடு முன்கூட்டியே பேசி, தங்கும் செலவைச் சபை வழியாக ஈடுசெய்ய ஏற்பாடு செய்யலாம். உபசரிப்பவரின் கையில் நேரடியாகப் பணத்தைத் திணிப்பது பெரும்பாலான இடங்களில் அவரைப் புண்படுத்தும்.

அங்குள்ள சபையின் ஆராதனை முறை வேறு, ஞானஸ்நானம் பற்றிய போதனை வேறு. இதைப் பகிர்ந்துகொள்ளும் விசுவாசம் என்று எப்படிச் சொல்வது?

எது மையம், எது ஓரம் என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். இயேசு கிறிஸ்து தேவகுமாரன், மனிதரானார், சிலுவையில் மரித்தார், உயிர்த்தெழுந்தார், மீண்டும் வருவார் என்பதைச் சபை 325-இல் நிசேயாவிலும் 381-இல் கான்ஸ்டாண்டிநோபிளிலும் அறிக்கையாக வகுத்தது. பல சபைப் பிரிவுகள் இன்றும் அதை ஆராதனையில் அறிக்கையிடுகின்றன, அறிக்கையை வாய்விட்டுச் சொல்லாத சபைகளிலும் பெரும்பாலானவை அதன் பொருளை விசுவாசிக்கின்றன. அந்த மையத்தில் நிற்கிறவர் உங்கள் சகோதரர். கைதட்டிப் பாடுவதா, அமைதியாக நிற்பதா, குழந்தைக்கு ஞானஸ்நானம் உண்டா என்பவற்றில் அவர் உங்களிடமிருந்து மாறுபடலாம். ஒரே வீட்டில் பிறந்தவர்களும் எல்லாவற்றிலும் ஒத்துப்போவதில்லை.

விருந்தினராகப் போன இடத்தில் இந்த வேறுபாடுகளைத் திருத்தப் புறப்படாதீர்கள். ரோமர் 14-இல், மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்க நீ யார் என்று பவுல் கேட்பது இப்படிப்பட்ட நேரத்துக்காகத்தான். திருவிருந்தில் பங்குபெறலாமா என்று ஐயம் இருந்தால், அந்தச் சபையின் ஒழுங்கு என்ன என்று முன்னதாகவே கேட்டு, அதற்குக் கீழ்ப்படியுங்கள். வெளியாருக்குக் கொடுப்பதில்லை என்றால் ஜெபத்தோடு உட்கார்ந்திருங்கள். மையமே மறுக்கப்படும் இடத்தில் நிலைமை வேறு. அப்போது பதில் சொல்வது உங்கள் தனிப் பொறுப்பு அல்ல; உங்களை அனுப்பிய சபைக்குத் தெரிவியுங்கள்.

கிறிஸ்தவர் அல்லாதவர்கள்தான் எங்களுக்கு அதிக அன்பு காட்டினார்கள். அதை எப்படிப் புரிந்துகொள்வது?

நன்றியோடு புரிந்துகொள்ளுங்கள். கப்பல் உடைந்து மெலித்தா தீவில் கரையேறிய பவுலுக்கும் உடனிருந்தவர்களுக்கும், மழையிலும் குளிரிலும் நெருப்பு மூட்டி வரவேற்றவர்கள் அந்தத் தீவார். அவர்கள் காட்டிய அன்பு கொஞ்சமல்ல என்று லூக்கா வெளிப்படையாக எழுதி வைத்தார். அந்த அன்பைச் சாட்சிக் கூட்டத்தில் விழுங்கிவிட்டு, விசுவாசிகள் செய்ததை மட்டும் சொல்வது நேர்மையாகாது.

குழுவில் எல்லாரும் அழுதார்கள், அணைத்துக்கொண்டார்கள். எனக்கு எதுவும் தோன்றவில்லை. என் விசுவாசத்தில் குறையா?

குறை இல்லை. முதல் கேள்விக்கான பதிலில் சொன்னபடி, இந்த உறவு உங்கள் உணர்ச்சியால் உண்டாவதில்லை. ஆகவே உணர்ச்சி வராததால் அது இல்லாமலும் போகாது. சிலருக்குப் பாத்திரம் கழுவும்போதுதான் நெருக்கம் வரும், பாடும்போது வராது.

அங்குள்ளவர்களோடு ஒட்டிவிட்டோம். ஆனால் எங்கள் குழுவுக்குள்ளேயே சண்டை. இது எவ்வளவு வெட்கம்!

களைப்பு, தூக்கமின்மை, தனிமை கிடைக்காமை, இடைவிடாத திட்ட மாற்றங்கள் ஆகிய நான்கும் சேர்ந்தால் பக்தியுள்ளவர்களும் சீறுவார்கள். பவுலும் பர்னபாவும் மாற்கு என்னும் யோவானை உடன் அழைத்துப் போவது பற்றி எழுந்த கடும் கோபத்தில் பிரிந்தே போனார்கள் (அப்போஸ்தலர் 15). முதல் பயணத்தில் பாதியில் திரும்பிவிட்டவர் என்பது பவுலின் வருத்தம். அதே பவுல் பல ஆண்டுகளுக்குப் பின் சிறையிலிருந்து, மாற்குவை அழைத்து வா, அவன் எனக்கு ஊழியத்தில் பயனுள்ளவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதினார்.

நடைமுறையில் நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: ஒவ்வோர் இரவும் குழுவாகக் கூடி, அன்று யாரை யார் நோகடித்தார்கள் என்பதைப் பெயர் சொல்லிப் பேசி, மன்னிப்புக் கேட்டுவிட்டு உறங்கப் போங்கள். மொழி புரியாவிட்டாலும் உங்களுக்குள் உள்ள கசப்பு உபசரிக்கிற வீட்டாருக்குப் புரியும்.

குழந்தைகள் இல்லத்தில் பிள்ளைகள் எங்களை அப்பா, அம்மா என்று அழைத்தார்கள். நாங்களும் அப்படியே நடந்துகொண்டோம். தவறா?

இந்த ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுவேன், ஏனெனில் இதில் தவறு செய்தவன் நான். என் முதல் பயணத்தில் ஒரு சிறுவன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அடுத்த ஆண்டும் வருவேன் என்று அவனிடம் சொல்லிவிட்டு வந்தேன், போகவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்துப் போனபோது, அவன் பல மாதங்கள் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே எழுந்து ஓடினான் என்று அங்கே பொறுப்பில் இருந்த அக்கா அமைதியாகச் சொன்னார்கள். கடிந்துகொண்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஏற்கெனவே பிரிவை அனுபவித்த பிள்ளைகளோடு வாரந்தோறும் ஒரு புதுக் குழு வந்து நெருங்கிப் பழகி மறைவது, அவர்களுக்கு ஒவ்வொரு முறையும் புதிய பிரிவாகிறது. ஆகவே பிள்ளைகளை அன்றாடம் பராமரிக்கிறவர்களுக்குத் துணை நில்லுங்கள்: சமையல், பழுதுபார்ப்பு, பொறுப்பாளர்களுக்கான பயிற்சி, அவர்களுக்கு ஓர் ஓய்வு நாள். தாய் தகப்பன் என்ற பெயரை உடனிருக்கிறவர்களுக்கே விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டின் தோனாவூரில் பிள்ளைகள் மிஷனரி ஏமி கார்மைக்கேலை அம்மா என்று அழைத்தார்கள் என்றால், அவர் 1895-இல் இந்தியாவுக்கு வந்தபின் தாய்நாடு திரும்பாமல் 1951-இல் இறக்கும் வரை இங்கேயே இருந்தவர். பத்து நாள் விருந்தினருக்கு அண்ணன், அக்கா என்ற பெயரே போதும். படங்களை வெளியிடுவதும் இதில் அடங்கும்: உங்கள் சொந்தப் பிள்ளையின் படத்தை எந்த நிலையில் வெளியிட மாட்டீர்களோ, அந்த நிலையில் இவர்கள் படத்தையும் வெளியிடாதீர்கள்.

என்னைத் தங்கை என்று அழைத்த சகோதரர் இப்போது பணம் கேட்டு எழுதுகிறார். அன்பெல்லாம் இதற்குத்தானா என்று வருத்தமாக இருக்கிறது.

குடும்பத்தில் பணம் கேட்பது இயல்பு என்பதை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். தேவை வந்தபோது தங்கையிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? கேட்டதால் அவர் அன்பு பொய்யாகிவிடவில்லை. ஆனால் கேட்டவுடன் தனியாக அனுப்புவதும் அன்பாகிவிடாது. அதே சபையில் இன்னும் அதிகத் தேவையில் இருக்கிற ஒருவருக்கு வெளிநாட்டில் தங்கை இல்லாமல் இருக்கலாம். உங்கள் பணம் சபைக்குள்ளே பொறாமையையும் பிளவையும் விதைக்கக்கூடும்.

எருசலேம் விசுவாசிகளுக்காகச் சேர்த்த தர்மப்பணத்தைப் பவுல் எப்படிக் கையாண்டார் என்று 2 கொரிந்தியர் 8-இல் பாருங்கள். அதைத் தனியாகக் கொண்டுபோகாமல், சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்டவரையும் உடன் அழைத்துச் செல்கிறார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்லாமல் மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்று காரணம் சொல்கிறார். அந்தச் சகோதரருக்கு உடனே பதில் எழுதுங்கள், மௌனமாக இருந்துவிடாதீர்கள். அவருடைய தேவையை இரு சபைப் பொறுப்பாளர்களிடமும் சொல்லலாமா என்று அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்று அவர் தடுத்தால், அனுப்பும் முன் இன்னும் நிதானியுங்கள்.

ஊழியத்துக்குப் போகிறோம் என்றால் விசா கிடைக்காது, சுற்றுலா என்றே எழுதிவிடலாம் என்கிறார்கள். சரியா?

போகும் நாட்டின் சட்டத்தைப் படித்து, உங்கள் பணிக்கு உரிய விசாவையே கேளுங்கள். அது கிடைக்காவிட்டால், கிடைக்கும் விசா அனுமதிக்கிறவற்றை மட்டும் செய்யுங்கள். நீங்கள் பிடிபட்டால் பெரும்பாலும் திருப்பி அனுப்பப்படுவதோடு முடிந்துவிடும். உங்களை வீட்டில் தங்க வைத்தவர்களோ அங்கேயேதான் வாழ வேண்டும், விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களும் அவர்களே. விசுவாசத்துக்காக நெருக்கப்படும் இடங்களில் அவர்களுடைய பெயர், முகம், கூடும் இடம் எதுவும் உங்கள் கைபேசியிலிருந்து வெளியே போகக்கூடாது.

திரும்பி வந்தபின் என் சொந்தச் சபையும் வீடும் அந்நியமாகத் தெரிகின்றன. அங்கே ஒரு அம்மா கிடைத்தார்கள் என்று சொன்னதில் என் அம்மாவுக்கும் மனவருத்தம்.

தெசலோனிக்கேயரை விட்டுப் பிரிந்ததைப் பற்றி எழுதும்போது, பவுல் கிரேக்கத்தில் பயன்படுத்திய சொல்லுக்கு அநாதையாக்கப்படுதல் என்று பொருள் (1 தெசலோனிக்கேயர் 2:17). ஆகவே உங்கள் ஏக்கத்துக்கு வெட்கப்பட வேண்டாம். ஆனால் இங்குள்ள சபையை அந்தப் பத்து நாளோடு ஒப்பிடாதீர்கள். அங்கே நீங்கள் விருந்தினர், அவர்களுடைய கணக்குக் கூட்டங்களிலும் மனத்தாங்கல்களிலும் நீங்கள் உட்காரவில்லை.

உங்கள் அம்மாவின் வருத்தம் நியாயமானது. தேவனுடைய சித்தத்தைச் செய்கிறவர்களே தமக்குத் தாய் என்று சொன்ன அதே இயேசு, சிலுவையில் தொங்கும்போது தம்மைப் பெற்றவளை அன்பான சீஷனிடம் ஒப்படைத்துவிட்டே மரித்தார். புதிய குடும்பம் பழைய குடும்பத்தின் இடத்தைப் பிடிக்க வரவில்லை. அந்தத் தாயின் படத்தைக் காட்டி, அவர் உங்களுக்குச் செய்ததை அம்மாவிடம் சொல்லுங்கள். முடிந்தால் இருவரையும் தொலைபேசியில் பேச வையுங்கள். என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டீர்கள் என்று ஒரு தாய் இன்னொரு தாய்க்கு நன்றி சொல்வதை மொழிபெயர்த்துக் கொடுக்கும் பேறு எனக்கு இரண்டு முறை கிடைத்திருக்கிறது.

தொடர்பை எவ்வளவு காலம் வைத்திருக்க முடியும்? எல்லாரோடும் முடியவில்லையே.

எல்லாரோடும் வேண்டாம். ஒரு வீட்டாரோடு, ஒழுங்காக, நெடுங்காலம் வைத்திருங்கள். நாற்பது பேருக்கு ஒரே வாழ்த்துச் செய்தி அனுப்புவதைவிட, மாதம் ஒரு முறை ஒருவரிடம் சென்ற மாதம் சொன்ன மருத்துவப் பரிசோதனை என்ன ஆயிற்று என்று கேட்பது உறவு. உங்கள் கஷ்டத்தையும் அவர்களிடம் சொல்லி ஜெபிக்கக் கேளுங்கள். நாம் எப்போதும் உதவுகிறவர்களாகவே இருந்தால், நான்காம் பதிலில் சொன்ன பழைய குழியில் மறுபடியும் விழுவோம். அவர்களை இங்கே அழைக்கவும் முயலுங்கள். பயணம் ஒரே திசையில் மட்டும் நடப்பது எனக்கு நெடுநாளாக உறுத்தும் விஷயம்.

எங்களைத் தங்க வைத்திருந்த அம்மா இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. பத்து நாள்தான் பழகினேன். துக்கப்பட எனக்கு உரிமை இருக்கிறதா?

இருக்கிறது. தெசலோனிக்கேயில் பவுல் ஜெப ஆலயத்தில் பேசியது மூன்று ஓய்வுநாட்கள்தான் என்று அப்போஸ்தலர் 17 சொல்கிறது. அங்கே தங்கியது அதைவிடச் சற்று அதிகமாக இருந்தாலும் நீண்ட காலம் அல்ல. அந்தச் சபையில் சிலர் இறந்தபோதுதான், நம்பிக்கையற்ற மற்றவர்களைப் போலத் துக்கிக்காதபடிக்கு என்று தொடங்கி, கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள் என்ற ஆறுதலை அவர்களுக்கு எழுதினார். துக்கிக்கவே கூடாது என்று அவர் எழுதவில்லை.

அவர் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதுங்கள். பொதுவான ஆறுதல் வார்த்தைகளோடு நிறுத்திவிடாமல், அவர் உங்களுக்குச் செய்த ஒரு குறிப்பிட்ட காரியத்தை எழுதுங்கள்: இரவில் எழுந்து வந்து போர்வையைச் சரிசெய்தது, உங்கள் பெயரைத் தவறாக உச்சரித்துவிட்டுச் சிரித்தது, புறப்படும்போது தலைமேல் கைவைத்து அவர் மொழியில் ஜெபித்தது. தங்கள் தாயைப் பற்றி அவர்களுக்கே தெரியாத ஒரு நிகழ்ச்சி உங்களிடம் இருக்கிறது. நினைவு ஆராதனை எந்த நாளில் என்று கேளுங்கள், அந்த நேரத்தில் இங்கே நீங்களும் உட்கார்ந்து ஜெபியுங்கள். அடுத்த முறை அந்த ஊருக்குப் போக நேர்ந்தால் முதலில் கல்லறைக்குப் போங்கள். பிள்ளைகள் உங்களைக் கூட்டிக்கொண்டு போவார்கள்.